கிரீஸைத் துடைக்கப்போறது யாரு? அந்துருண்டைக் கப்பல்களின் கதை

போரைப் பற்றி நிறைய பாட்காஸ்ட் வந்தாச்சு. இந்த எபிசோடு போர் முடிந்த பிறகு நடந்ததைப் பற்றியது. துப்பாக்கி, பீரங்கி, எஞ்சின், கப்பல் என்று செய்து குவித்த இரும்பை எல்லாம் என்ன செய்தார்கள்? தூக்கிப் போடவும் முடியாது, அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். "அடுத்த தடவை தேவைப்படலாம்" என்று எடுத்து வைக்கணும். அந்த எடுத்து வைக்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கு. கிரீஸ், பெயின்ட், பிளாஸ்டிக், கடைசியில் வெறும் காற்று என்று அது போகும்.

நான் மென்பொருள் ஆள். எங்க தொழிலில் ஒரு பேச்சு உண்டு: ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. டேட்டாவைப் பத்திரமா எடுத்து வைச்சுட்டோம்னு எல்லாரும் நிம்மதியா தூங்குவாங்க. ஒரு நாள் சர்வர் படுத்துடும். அன்னைக்குத்தான் அந்த பேக்கப் திறக்குதா, திறக்கலையான்னு தெரியும். இந்தக் கதையை அந்தக் கண்ணோடதான் நான் பார்க்கிறேன். பூச்சு எத்தனை வருஷம் தாங்குச்சு என்பது பாதிக் கேள்விதான். திரும்ப எடுக்கும்போது பொருள் எவ்வளவு சீக்கிரம் ஓடுச்சு என்பது மீதிப் பாதி.

துரு எப்படி வருது?

இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூணும் சேர்ந்தால் துரு. இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் "தண்ணீர்" என்றதும் நமக்கு மழைதான் ஞாபகம் வரும். உண்மையில் மழை வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரமே போதும். 1920-களில் கேம்பிரிட்ஜில் யுலிக் ரிச்சர்ட்சன் எவான்ஸ், துருப்பிடித்தல் என்பது ஒரு மின்வேதியியல் நிகழ்வு என்று காட்டினார். ஒரே இரும்புத் துண்டில் ஒரு இடம் ஆனோடு, இன்னொரு இடம் கேத்தோடு, நடுவில் ஒரு மெல்லிய ஈரப்படலம். சின்னச் சின்ன பேட்டரிகள் வேலை செய்கிற மாதிரிதான்.

அதே காலகட்டத்தில் இங்கிலாந்தில் வெர்னான் என்ற ஆய்வாளர் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார். முதலாவது, காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு பெரிதாகத் துருப்பிடிக்காது. அதைத் தாண்டினால், அதுவும் காற்றில் நிலக்கரிப் புகையின் கந்தக வாயு கலந்திருந்தால், துரு திடீரென்று வேகமெடுக்கும். சென்னையில் பல நாள் 70-ஐத் தாண்டுகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்க, உங்க வீட்டு கேட்டுக்கு என்ன ஆகிறது என்று புரியும்.

இரண்டாவது இன்னும் அழகானது. பளபளப்பான இரும்புத் துண்டுகளை ஒரு மஸ்லின் துணிக் கூண்டுக்குள் தொங்கவிட்டார். வெளியே தொங்கியவை துருப்பிடித்தன, கூண்டுக்குள் இருந்தவை நீண்ட நாள் பளபளப்பாகவே இருந்தன. மஸ்லின் துணி ஈரத்தைத் தடுக்காது, ஆக்சிஜனையும் தடுக்காது. அது தடுத்தது தூசியை மட்டும்தான். இரும்பின் மேல் உட்காருகிற தூசித்துகள்தான் ஈரத்தை இழுத்துப் பிடித்துத் துருவைத் தொடங்கி வைக்கிறது. அப்படியானால் இரும்பைக் காப்பாற்ற மேலே எதையாவது பூசியே ஆகணும் என்று இல்லை. அதைச் சுற்றியிருக்கிற காற்றையும் மாற்றலாம். ஆனால் கப்பல்காரர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர இருபது வருஷம் ஆனது.

ரெட் லெட் வரிசை

முதல் உலகப்போர் நேரத்தில் அமெரிக்கா அவசர அவசரமாக டெஸ்ட்ராயர் கப்பல்களைக் கட்டியது. மேல்தளம் ஒரே சமமாக ஓடும், பெரும்பாலானவற்றில் நாலு புகைபோக்கி. 1917 முதல் 1922 வரை மொத்தம் 273 கப்பல்கள். பெரும்பாலானவை கட்டி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. 1922 வாக்கில் பலவற்றைக் கொண்டுபோய் சான் டியாகோவிலும் பிலடெல்பியாவிலும் வரிசையாகக் கட்டிப்போட்டார்கள். சான் டியாகோ வரிசைக்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் "ரெட் லெட் ரோ". ரெட் லெட் என்பது ஈயத்தால் ஆன ஆரஞ்சுச் சிவப்பு ப்ரைமர். துரு தெரிகிற இடத்தில் எல்லாம் அதை அடித்து அடித்து, அந்த நிறமே வரிசைக்குப் பெயராகிவிட்டது.

அன்றைக்குத் தெரிந்த முறை அவ்வளவுதான். வெளியே ப்ரைமரும் பெயின்ட்டும், உள்ளே இயந்திரங்களுக்குத் தடிமனான கிரீஸ். கதவைச் சாத்து. நடுநடுவே யாராவது போய்ப் பார்.

இந்த பேக்கப்பை ரீஸ்டோர் பண்ற நாள் 1940-ல் வந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் பகுதிகளில் ராணுவத் தளங்கள் அமைத்துக்கொள்ளும் உரிமைக்கு ஈடாக, அமெரிக்கா அந்தப் பழைய டெஸ்ட்ராயர்களில் 50-ஐ பிரிட்டனுக்குக் கொடுத்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். ஒவ்வொரு காவல் கப்பலும் உயிர். ஆனால் அந்த வருடம் டிசம்பரில் சர்ச்சில், ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பிய செய்தியில், ஐம்பதில் மிகச் சிலவற்றைத்தான் களத்தில் இறக்க முடிந்திருக்கிறது, நீண்ட காலம் கட்டிப்போட்டிருந்ததால் அட்லாண்டிக் கடலுக்குப் போனதும் குறைகள் வெளிப்படுகின்றன என்று சொல்லவேண்டியிருந்தது.

பழியை முழுக்க கிரீஸ் மேல் போட முடியாது. அவை அவசரத்தில் கட்டிய ஒடுங்கலான கப்பல்கள், வடிவமைப்பும் பழசு. அப்புறம் பலவும் நன்றாகவே உழைத்தன. அதில் ஒன்று, கேம்பெல்டவுன் என்று பெயர் மாற்றப்பட்டு, 1942 மார்ச்சில் பிரான்ஸின் செயின்ட் நசேர் துறைமுகக் கதவில் மோதி வெடித்து, அந்தத் துறையையே முடக்கியது. ஆனாலும் ஒரு விஷயம் பதிவாகிவிட்டது: காகிதத்தில் ஐம்பது கப்பல் இருக்கு, கடலில் இல்லை.

களிம்பா, கிரீஸா?

இங்கே ஒரு பெயரை அறிமுகப்படுத்தணும்: காஸ்மோலின். 1865-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஹௌட்டன் நிறுவனத்தின் தயாரிப்பு. ஆரம்பத்தில் இது காயத்துக்குப் போடுகிற களிம்பு. பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது, நம்ம வீட்டு வாசலினுக்குப் பங்காளி. புண்ணைக் காற்றிலிருந்து மூடுகிற பொருள் இரும்பையும் மூடும்தானே? சீக்கிரமே அதன் முக்கிய வேலை துருத்தடுப்பாக மாறியது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கக் கடலோரப் பீரங்கிப் படையினருக்கே "காஸ்மோலைனர்கள்" என்று கேலிப்பெயர் இருந்தது. சுட்டதை விட, பீரங்கிக்கு அந்தப் பழுப்பு நிறப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்து மறுபடி பூசினதுதான் அதிகம்.

இதன் குணம் சுவாரஸ்யமானது. சூடாக்கினால் இளகும், அதில் பாகத்தை முக்கி எடுக்கலாம் அல்லது பிரஷ்ஷால் தடவலாம். ஆறினால் மெழுகு மாதிரி உறையும். ஓட்டை, திருகு, இடுக்கு எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வருடங்கள் போகப்போக அதிலிருக்கிற லேசான பகுதி ஆவியாகி, மீதி கெட்டியாகிவிடும். பாதுகாப்புக்கு அது நல்லது. எடுப்பதற்கு?

எடுக்கிறவன் பாடு திண்டாட்டம். மண்ணெண்ணெய், பெட்ரோல், கொதிக்கிற தண்ணீர், நீராவி என்று என்னென்னவோ போட்டுத்தான் கழற்ற வேண்டும். ஒரு துப்பாக்கிக்கே இப்படி. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, குழாய்க்குள் கெட்டியான பிசுக்கு அப்படியே இருக்க சுட்டால் சுடுகிறவனுக்கே ஆபத்து. மரக்கட்டைக்குள் ஊறிய காஸ்மோலின், வெயில் பட்டால் பல வருஷம் கழித்தும் வியர்வை மாதிரி கசியும். பழைய துப்பாக்கி சேகரிக்கிறவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். ஒரு துப்பாக்கியை விடுங்க. ஆயிரக்கணக்கான வால்வு, பம்ப், கியர், குழாய் இருக்கிற ஒரு போர்க்கப்பலை நினைச்சுப் பாருங்க.

பூசுறதுக்கு முன்னாடி

கிரீஸைப் பற்றி இன்னொரு உண்மை. அது உள்ளே எதையும் விடாது என்பது சரி. ஆனால் உள்ளே ஏற்கெனவே இருப்பதையும் வெளியே விடாது. பாகத்தின் மேல் ஒரு துளி ஈரமோ உப்போ இருக்க, அதன் மேல் கிரீஸ் பூசினால், துருவுக்கு ஒரு போர்வை போர்த்தி விட்டமாதிரி ஆகிவிடும்.

இதில் பெரிய குற்றவாளி யார் தெரியுமா? மனித விரல். வியர்வையில் உப்பு இருக்கு. வழவழப்பாகக் கடைந்த ஒரு பேரிங்கை வெறும் கையால் தொட்டு வைத்தால், சில நாளில் அந்த விரல் ரேகை அப்படியே துரு வடிவத்தில் பதிந்துவிடும். இதற்காகவே அமெரிக்க ராணுவத் தர விவரங்களில் "விரல்ரேகை நீக்கி" என்று தனி வகை எண்ணெய் உண்டு. ஒழுங்கான முறை இதுதான்: முதலில் கழுவு, அப்புறம் விரல்ரேகையை நீக்கு, அப்புறம் உலர்த்து, அதன்பிறகு கையுறை போட்டுக்கொண்டு பூசு, கடைசியில் சுற்று. நாலு பங்கு வேலை பூச்சுக்கு முன்னாடியே முடிகிறது. கடைக்கு வரும் புது பேரிங்கைப் பிரித்தால் எண்ணெய்ப் பிசுக்கும் தாளும் இருக்குமே, அந்தப் பிசுக்கு பெரும்பாலும் ஓடுவதற்கான எண்ணெய் இல்லை, வழியில் காப்பதற்கானது. ஒரு மெக்கானிக் புது பேரிங்கை வெறும் கையால் தடவாதே என்று திட்டினால் அவர் சொல்வதில் இவ்வளவு இருக்கு.

பசிபிக் பாடம்

இரண்டாம் உலகப்போரில் விமான எஞ்சின்கள் பசிபிக் கடலைத் தாண்டி வெப்பமண்டலத் தீவுகளுக்குப் போகவேண்டியிருந்தன. வாரக்கணக்கில் உப்புக் காற்று, இறங்கினால் மழை. எஞ்சினைத் திறந்து கிரீஸை வழித்தெடுத்துக்கொண்டிருக்க அங்கே நேரமும் இல்லை, வசதியும் இல்லை.

அங்கே கைகொடுத்தது சிலிக்கா ஜெல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வால்டர் பேட்ரிக் 1919-ல் காப்புரிமை பெற்ற பொருள். இன்றைக்கு ஷூ டப்பாவுக்குள் "சாப்பிடாதீர்கள்" என்று எழுதி வருகிறதே, அதுதான். எஞ்சினை பிளியோஃபிலிம் என்ற ரப்பரிலிருந்து செய்த மெல்லிய தாள் பைக்குள் வைத்து, கூடவே சிலிக்கா ஜெல்லைப் போட்டு, காற்று புகாமல் ஒட்டிவிட்டார்கள். நிறம் மாறும் ஜெல்லும் உண்டு. கோபால்ட் உப்பு சேர்த்தது நீலமாக இருந்தால் உள்ளே உலர்ந்திருக்கு, இளஞ்சிவப்பானால் ஈரம் புகுந்துவிட்டது. பையைப் பிரிக்காமலேயே உள்ளே என்ன நிலைமை என்று தெரியும். எங்க பாஷையில் சொன்னால், மானிட்டரிங் வந்துவிட்டது. கிரீஸில் இந்த வசதி கிடையாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் வழித்தெடுக்கத்தான் வேண்டும்.

வெர்னானின் 60 சதவீதம் இப்போதுதான் பெரிய அளவில் வேலைக்கு வந்தது.

கப்பலுக்கு அந்துருண்டை

1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படையிடம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உபரிக் கப்பல்கள். ரெட் லெட் வரிசையை மறுபடி செய்ய யாரும் தயாராக இல்லை. இந்தக் கையிருப்புக் கப்பல்களுக்கு மக்கள் வைத்த பெயர் "மோத்பால் ஃப்ளீட்", அந்துருண்டைக் கப்பற்படை. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே போடுவோமே, அதே அந்துருண்டை. ஆனால் உண்மையில் அந்துருண்டை எதுவும் போடவில்லை. செய்தது இதுதான்.

கப்பலின் வெளித்திறப்புகளை எல்லாம் அடைத்தார்கள். உள்ளே காற்று சுற்றிவர வழிவிட்டார்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஆங்காங்கே வைத்து, ஈரப்பதத்தைச் சுமார் 30 சதவீதத்தில் நிறுத்தினார்கள், அதாவது வெர்னான் சொன்ன எல்லையில் பாதி. இந்த இயந்திரத்தில் இரண்டு படுகைகள். ஒன்று ஈரத்தை உறிஞ்சும்போது இன்னொன்று சூடேற்றப்பட்டு உலரும், அப்புறம் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். வறண்ட காற்றைக் கொண்டுபோகப் புதிதாகக் குழாய் போடவில்லை. கப்பலில் ஏற்கெனவே மூலைமுடுக்கெல்லாம் ஓடிய தீயணைப்புக் குழாய்களையே பயன்படுத்தினார்கள். தண்ணீர் போன வழியில் தண்ணீர் இல்லாத காற்று. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மேல்தளத்தில் இருக்கிற பீரங்கிகளை என்ன செய்வது? சிறிய பீரங்கிகளின் மேல் இக்ளூ மாதிரி உலோகக் குடை கவிழ்த்தார்கள். மற்றவற்றுக்கு "கக்கூன்", அதாவது பட்டுப்புழுக் கூடு. முதலில் சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகப் பிளாஸ்டிக்கைத் தெளிப்பார்கள், அது இடைவெளிகளை மூடும். அதன்மேல் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பூச்சு. உலோகத்தில் ஒட்டாத ஒரு தோல் உருவாகும். உள்ளே காற்று உலர்ந்திருக்கும். தேவைப்படும்போது கத்தியால் கீறி உரித்து எடுத்துவிடலாம்.

பூச்சு முழுக்க ஒழியவில்லை. உள்ளே இயந்திரங்களுக்கு இன்னும் போட்டார்கள். ஆனால் தடிமன் போய், மெல்லிய படலமாகிவிட்டது. ஓடுகிற எண்ணெயோடு கலந்துபோகிற வகை எண்ணெய்கள் வந்தன, அவற்றைத் துடைக்காமலேயே இயந்திரத்தை ஓட்டலாம். ஷெல் நிறுவன ஆய்வாளர்கள் 1940-களில் இன்னொரு வழி கண்டார்கள்: தாளில் தோய்த்த ஒரு வேதிப்பொருள் மெல்ல ஆவியாகி, இரும்பின் மேல் தானாகப் படிந்து துருவைத் தடுக்கும். தாளைப் பிரித்தால் போதும், எதையும் துடைக்க வேண்டாம். 1953-ல் சான் டியாகோவில் ஒரு சின்னக் கம்பெனி, ராக்கெட் கெமிக்கல், அட்லஸ் ஏவுகணைக்காக நாற்பதாவது முயற்சியில் ஈரத்தைத் தள்ளும் ஒரு திரவத்தைச் செய்தது. அதுதான் இன்றைக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40. எல்லாம் ஒரே திசையில் போவதைக் கவனிச்சீங்களா? காப்பாற்றும் சக்தி குறையாமல், கழற்றும் வேலையைக் குறைப்பது.

ரீஸ்டோர் நாள்

1950 ஜூன் 25, கொரியப் போர். நியூ ஜெர்சி என்ற போர்க்கப்பலை 1948 ஜூன் 30-ஆம் தேதி பணியிலிருந்து விடுவித்து இப்படிப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். 1950 நவம்பர் 21-ஆம் தேதி அது மறுபடி பணியில் சேர்ந்தது. 1951 மே மாதம் கொரியக் கரையில் சுட்டுக்கொண்டிருந்தது. இரண்டரை வருடத் தூக்கம்தானே என்று சொல்லலாம். சரி, அதே கப்பலை 1957-ல் மறுபடி மூடினார்கள். 1967 ஆகஸ்டில் வியட்நாம் போருக்காகத் திறக்க முடிவெடுத்தார்கள். 1968 ஏப்ரல் 6-ஆம் தேதி, சுமார் எட்டு மாதத்தில், பத்து வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டது. 1969-ல் மூன்றாவது முறை மூடி, 1982-ல் நான்காவது முறையாகப் பணிக்கு வந்தது. 1991-ல் கடைசி ஓய்வு. இப்போது கேம்டனில் மிதக்கும் அருங்காட்சியகம்.

1940-ஐயும் 1950-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கடலும் இரும்பும் அதேதான். முதல் தடவை மூடினவர்கள் மூடுவதை மட்டும் யோசித்தார்கள். இரண்டாவது தடவை மூடினவர்கள் திறக்கப்போகிற ஆளையும் யோசித்தார்கள், அவன் யார், எப்போது வருவான் என்று தெரியாவிட்டாலும்.

யாருமே வராவிட்டால்?

இங்கேயே முடித்தால் இது வெற்றிக்கதை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. எடுத்து வைத்த கப்பல்களில் பெரும்பாலானவை திரும்பிக் கடலுக்குப் போகவே இல்லை.

கலிபோர்னியாவில் சுயிசுன் விரிகுடா. அங்கே வரிசையாகக் கட்டிப்போட்ட அரசுக் கப்பல்கள் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றன. எடுக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை, பராமரிப்பும் தேய்ந்தது. வெளிப்பூச்சு உரிய ஆரம்பித்தது. ஈயம் முதலான நச்சு உலோகங்கள் கலந்த பெயின்ட் செதில் செதிலாக விரிகுடாவில் விழுந்தது. 2007-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2010-ல் உடன்பாடு: மோசமான நிலையில் இருந்த 57 கப்பல்களை 2017-க்குள் அகற்ற வேண்டும். அகற்றினார்கள்.

இரும்பைக் காப்பாற்றப் பூசிய அதே பெயின்ட், கவனிப்பார் இல்லாததும் தண்ணீருக்கு விஷமானது. இதில் ரசாயனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. "இது இனிமேல் வேண்டாம்" என்ற முடிவை யாரும் சரியான நேரத்தில் எடுக்கவில்லை, அதுதான் நடந்தது. எடுத்து வைக்கிறது செலவில்லாத வேலை மாதிரித் தெரியும். அதனால்தான் முடிவைத் தள்ளிப்போட அது வசதி. எங்க ஆபீஸ்களிலும் "ஆர்க்கைவ்" என்று பெயர் வைத்து யாரும் தொடாமல் கிடக்கிற சர்வர்களைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

ஆக, ஒரு பாகத்தின் மேல் பூச்சு போடும்போது கூடவே மூன்று கேள்வி எழுதி வைக்கலாம். அடியில் விரல்ரேகை இல்லாமல் துடைத்தாச்சா? இதைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எந்தத் தேதிக்குள் யாரும் வராவிட்டால் இதை விட்டுவிடலாம்? முதல் கேள்விக்கு ஒர்க்‌ஷாப்பில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு உலகப்போர் தேவைப்பட்டது. மூன்றாவது கேள்வி சுயிசுன் விரிகுடாவில் கேட்கப்படாமலே போனது.

இந்த எபிசோடு இவ்வளவுதான். உங்க வீட்டிலோ பட்டறையிலோ இப்படி எடுத்து வைத்த பொருள் ஏதாவது இருந்தால், இந்த வாரம் ஒரு தடவை பிரித்து ஓட்டிப் பாருங்க. ஓடினால் சந்தோஷம். ஓடாவிட்டாலும் இப்பவே தெரிந்தது நல்லதுதானே. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.